மாத்திரை போட்ட மறுநாளே ஏன் குணம் தெரிவதில்லை? குரங்கு மூளையின் 'செரட்டோனின் வரைபடம்' தரும் பதில்

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்கா பகுதியில் இயங்கிய தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் பலியானார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. மனநோயாளிகளை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

இப்போது அங்கே 'தவா-துவா' என்ற பெயரில் பிரார்த்தனையோடு மருந்தும் தரப்படுகிறது. ஆனால், "பத்து நாள் குடுத்துப் பார்த்தோம், ஒண்ணும் தெரியல" என்று மாத்திரையை நிறுத்திவிடும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பத்து நாளில் மூளைக்குள் என்னதான் நடக்கிறது?

செரட்டோனின் வேலை செய்யும் இடம்

செரட்டோனின் என்பது நரம்பு செல்கள் சேதி அனுப்பும் ரசாயனம். உடலில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. மூளைக்கானதை, மூளைத்தண்டில் 'ராஃபே' என்ற சிறு பகுதி தயாரித்து மூளை முழுக்க அனுப்புகிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்தான் ஏற்பிகள். பூட்டு மாதிரி. ஒரு வகை இரண்டு வகை இல்லை, 14 வகை.

எந்தப் பூட்டு எந்தக் கதவில் இருக்கிறது என்பதுதான் விஷயமே. '1ஏ' ஏற்பியை எடுத்துக்கொள்வோம். நினைவுக்கான ஹிப்போகேம்பஸில் இது நிறைய இருக்கிறது. ராஃபேயிலும் இருக்கிறது, அங்கே இதன் வேலை பிரேக் போடுவது. மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்செட்டின் போன்ற மாத்திரை செரட்டோனினைக் கூட்டியதும், இந்த பிரேக் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. நாள் போகப்போகத்தான் பிரேக் தளர்கிறது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆவதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கிய விளக்கம் இது.

ஏன் குரங்கு?

இந்த வரைபடத்துக்கு, இறந்த விலங்கின் மூளையை உறைய வைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, கதிரியக்கம் ஏற்றிய மருந்தில் நனைப்பார்கள். ஏற்பி இருக்கும் இடமெல்லாம் ஃபிலிமில் பதியும். உயிரோடு இருக்கும் மனிதர்களிடம் இதைப் பெட் ஸ்கேனில் பார்க்கலாம். 2017-ல் டென்மார்க் விஞ்ஞானிகள் 210 ஆரோக்கியமானவர்களை வைத்து அப்படி ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். ஆனால் ஸ்கேனில் செல் அடுக்கு வரை தெரியாது.

எலியை நம்பி மட்டும் இருக்க முடியாது. சில ஏற்பிகளின் இருப்பிடம் எலிக்கும் நமக்கும் ஒத்துப்போவதில்லை. மனிதனும் குரங்கும் ஒரே பிரைமேட் இனவரிசை. மக்காக் குரங்குகளில் '1பி', '2ஏ' ஏற்பி மரபணுக்கள் முதன்மைப் பார்வைப் புறணியில் குவிந்திருப்பதை ஜப்பான் ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள். செரட்டோனின் என்றாலே 'சந்தோஷ ஹார்மோன்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்கு இது ஒத்துவராத சங்கதி!

மனச்சிதைவுக்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன், டோபமின் ஏற்பியோடு இந்த '2ஏ'வையும் சேர்த்தே அடைக்கிறது. வாந்தியை நிறுத்தும் ஆண்டான்செட்ரான் அடைப்பது '3' என்ற வேறொரு வகையை.

சென்னை ஐஐடி 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' மூளை வரைபடத்தில் கருவில் இருக்கும் சிசு மூளைகளின் 5,132 சீவல்கள் உள்ளன. அது செல்களைக் காட்டுவது, ஏற்பி வரைபடம் அல்ல. ஆனாலும் மூளையைச் சீவிப் படமெடுக்கும் வசதி நம் ஊரிலேயே இருக்கிறது.

அப்படியானால் மனச்சோர்வுக்கு செரட்டோனின் குறைவுதான் காரணமா? அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-ல் வந்த ஒரு பெரிய மறுஆய்வு சொன்னது. அதற்காக மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். பலன் தெரியவில்லை என்றால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.