கன்னத்தைக் கேளுங்கள்

செருப்பு வாங்கப் போகிறவன் கடையில் காலை நுழைத்துப் பார்க்கிறான். இரண்டடி நடந்து பார்க்கிறான். கடித்தால், "வேறே எடுங்க" என்று கழற்றிக் கொடுத்துவிடுகிறான். தெருப் புழுதியில் மிதிபடுகிற காலுக்கு இத்தனை மரியாதை! ஊருக்கெல்லாம் காட்டுகிற முகத்துக்கு? ஷேவிங் கிரீம் வாங்குகிறவன் எதையும் பார்ப்பதில்லை. விளம்பரத்தில் எவனோ ஒரு நடிகன் தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தான். அது போதும். காசைக் கொடுத்து ட்யூபை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறான்.

அந்த நடிகனின் தாடை வேறு, நம் தாடை வேறு என்று சொல்வதற்கு ஒரு கட்டுரை வேண்டுமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு நுரையைப் பற்றி என்ன பேச்சு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன். அதே வார்த்தையை வைத்து ஊரார் கன்னத்தைப் புண்ணாக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

இந்த வித்தை நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துக் கம்பெனி ஒன்று 1925-ஆம் வருஷம் 'பர்மா ஷேவ்' என்ற கிரீமை விற்க ஆரம்பித்தது. பிரஷ் வேண்டாம், விரலால் பூசிக்கொள்ளலாம் என்பது அதன் விசேஷம். ஆனால் அதை விற்றது கிரீமின் குணமல்ல, பாட்டு! நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பலகைகள். பலகைக்கு ஓர் அடி. காரில் போகிறவன் ஐந்தாறு பலகைகளைக் கடப்பதற்குள் ஒரு வேடிக்கைப் பாட்டைப் படித்து முடித்திருப்பான். கடைசிப் பலகையில் கிரீமின் பெயர் இருக்கும். 1963 வரை அந்தப் பலகைகள் சாலையோரம் நின்றன. பாட்டுக் கட்டியவன் தன் தொழிலைச் செய்தான். அவனை நான் குறை கூறவில்லை. எதுகை நன்றாயிருந்தால் கிரீமும் நன்றாயிருக்கும் என்று நம்பினானே ஒருவன், அவனைத்தான் சொல்கிறேன். அவன் இன்னும் சாகவில்லை. இன்று நம் தெருவில் இருக்கிறான்.

பிரஷ் வேண்டாத கிரீமுக்குப் பின்னால் நியாயமான காரணம் ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த ஃபிராங்க் ஷீல்ட்ஸ் என்பவர் 1919-இல் 'பார்பசால்' என்ற கிரீமைக் கொண்டுவந்தார். சோப்பு நுரை சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு மாற்று வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர் தோலிலிருந்து தொடங்கினார். விளம்பரக்காரர்கள் பாட்டிலிருந்து தொடங்கினார்கள். நாம் யார் பின்னால் போவது என்பதுதான் கேள்வி.

சவரத்தில் மயிரை மெதுவாக்குவது எது? கிரீம் என்று பதில் சொன்னால் தவறு. தண்ணீர்தான் மெதுவாக்குகிறது. வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு மூன்று நிமிஷம் மயிரில் ஊறினால் பிளேடுக்குப் பாதி வேலை மிச்சம். அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடாமல் பிடித்து வைப்பதும், பிளேடு வழுக்கிச் செல்ல ஒரு மெல்லிய மெத்தை போடுவதுமே கிரீமின் வேலை. பிளேடு எங்கே போயிற்று, எங்கே போகவில்லை என்று காட்டுவதற்கும் நுரை உதவும். அவ்வளவுதான். நுரை மலைபோலப் பொங்கினால் சவரம் மலைபோல உயர்ந்துவிடாது.

பிரஷ்ஷால் நுரைக்கிற கிரீம் பெரும்பாலும் சோப்புதான். ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலத்தையும் பொட்டாஷ் காரத்தையும் சேர்த்துச் செய்த இளகிய சோப்பு. நம் தோலின் மேற்பரப்பு கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது, பி.எச். கணக்கில் ஐந்தை ஒட்டி நிற்கும். சோப்போ ஒன்பது, பத்து. எண்ணெய் வழிகிற முகம் இந்தக் காரத்தைத் தாங்கிக்கொள்ளும். வறண்ட முகம் தாங்காது. சவரம் முடிந்ததும் கன்னம் தப்பட்டைத் தோல்போல இழுத்துப் பிடிப்பது அதனால்தான். போர்த் தண்ணீர் கடினமாயிருந்தால் இன்னும் மோசம். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் திரியும். நுரை வராது. நுரை வரவில்லையே என்று இன்னும் இரண்டு அங்குலம் பிதுக்குவோம். ட்யூப் சீக்கிரம் தீரும். யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டுமா?

அடுத்தது குளிர்ச்சி. 'ஐஸ்' என்று போட்டுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். அந்தக் குளிர்ச்சி மென்தால் செய்கிற மாயம். நரம்பில் குளிரை உணர்கிற வாயில் ஒன்று இருக்கிறது; மென்தால் அதைத் தட்டித் திறந்துவிடுகிறது. மூளை, "குளிர்கிறது" என்று நம்பிக்கொள்கிறது. தோலின் சூடு சூடாகவே இருக்கிறது. அந்த வாயிலை 2002-இல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டறிந்தார்கள். தொடுதலையும் வெப்பத்தையும் நாம் உணரும் விதத்தை ஆராய்ந்ததற்காக 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மென்தால் எல்லாருக்கும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. உணர்ச்சி மிகுந்த தோலில் அது எரியும். எரிந்தால் கிருமி சாகிறது என்று நமக்கு ஒரு நம்பிக்கை வேறு! எரிச்சல் என்பது வீரப் பதக்கம் அல்ல ஐயா, தோல் கொடுக்கிற புகார் மனு. வாசனையும் அப்படியே. அழகுச் சாமான்களால் வருகிற ஒவ்வாமைக்கு முன்னணிக் காரணங்களில் ஒன்று அவற்றில் கலக்கிற வாசனைத் திரவியம். மூக்குக்காக வாங்கிய பொருளுக்குக் கன்னம் வட்டி கட்டுகிறது.

இதெல்லாம் பட்டணத்துச் சொகுசுக்காரர்களின் கவலை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துப் பக்கம் நல்லூர் இருக்கிறது. விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர் என்பது தெரிந்ததுதானே? அங்கே ஒரு பீங்கான் பட்டறையில் வேலை செய்கிற நல்லூர் இளைஞன் ஒருவனோடு டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். வெயிலிலும் கழுத்தைத் துண்டால் சுற்றியிருந்தான். துண்டு நழுவியபோது பார்த்தேன். தாடைக்குக் கீழே கறுப்புக் கறுப்பாக முண்டு முண்டாய்ப் பருக்கள்.

"நல்ல கிரீம்தான் சார் போடறேன். குளுகுளுன்னு இருக்கும். ரெண்டு தடவை எதிர்ப்பக்கமா வழிச்சாத்தான் மழமழன்னு வருது. ஆனா என் தோலே சரியில்ல சார்" என்றான்.

அவனுக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியே கேட்டேன். "தம்பி, கிளேஸ் போட்டுச் சுட்ட சாமானில் வலைவலையாக வெடிப்பு விட்டால் என்ன அர்த்தம்?"

"கிளேஸ் மண்ணுக்கு ஒத்துக்கலன்னு அர்த்தம் சார். மண்ணைவிட அது ஜாஸ்தி சுருங்குது. கிளேஸோட பக்குவத்தை மாத்துவோம்."

"மண்ணே சரியில்லை என்று திட்ட மாட்டீர்களா?"

அவன் சிரித்துவிட்டான். தொழிலில் அவனுக்கு இவ்வளவு தெளிவு. ஆனால் தன் கழுத்து விஷயத்தில் மட்டும் மண்ணைத் திட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தெளிவை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது எது? எந்த ட்யூபும், "உன் தோலுக்கு நான் பொருந்தாமல் போகலாம்" என்று சொல்வதில்லை. அதனால் பொருந்தாதபோது குற்றவாளிக் கூண்டில் தோல் ஏறி நிற்கிறது.

அவனுக்கு இருந்த உபத்திரவத்தில் கிரீமுக்குப் பாதிப் பங்குதான். சுருள் மயிரை ஒட்ட வழித்தால், கூராய் நிற்கிற அதன் நுனி வளைந்து திரும்பவும் தோலுக்குள் குத்திக்கொள்ளும். அந்த இடம் முண்டாகும். அமெரிக்கப் படையில் கறுப்பின வீரர்கள் பலருக்கு இந்தத் தொல்லை வந்து, மருத்துவர் சீட்டின் பேரில் சவரத்திலிருந்து விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. எந்த உயர்ந்த கிரீமும் இதைத் தீர்க்காது. மயிர் போகிற திசையிலேயே ஒரு தடவை வழிப்பது, மழமழப்பு ஆசையை விடுவது, முடிந்தால் கொஞ்ச நாள் வளர விடுவது, இவைதான் வழி. "எங்கள் கிரீம் வேண்டாம், கொஞ்ச நாள் சும்மா இருங்கள்" என்று எந்தக் கம்பெனி விளம்பரம் செய்யும்?

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குக் கோபமூட்டுவது. நம்மைப்போல மாநிறமும் கறுப்புமான தோலில் புண் ஆறினால் கறை தங்கும். மாதக்கணக்கில் போகாது. உடனே அந்தக் கறையைப் போக்க இன்னொரு ட்யூப் வந்து நிற்கிறது. ஆண்பிள்ளைகளுக்கென்றே 'ஃபேர் அண்ட் ஹாண்ட்ஸம்' என்று ஒரு சிவப்பழகுக் கிரீம் 2005-இல் கடைக்கு வந்துவிட்டது. அதிலும் கறை போகாதவன் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கேட்டு வாங்கிப் பூசுகிறான். தோல் மெலிகிறது, பரு கிளம்புகிறது. மருத்துவர் சீட்டில்லாமல் இத்தகைய களிம்புகள் பலவற்றை விற்கக்கூடாது என்று மத்திய அரசே 2018-இல் சொல்ல வேண்டிவந்தது. முதலில் கன்னத்தைப் புண்ணாக்கு, பிறகு புண்ணின் கறுப்பை விரட்டு என்று கடையில் சாமான் அடுக்கியிருக்கிறது. கறுப்பு ஒரு குற்றம் என்ற எண்ணத்துக்குத்தான் அத்தனை வியாபாரமும்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? பெரிய வித்தை ஒன்றுமில்லை. சவரம் முடிந்து ஒரு மணி கழித்துக் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் உங்களுக்குச் சோப்பு நுரை ஆகாது. கிளிசரினும் எண்ணெய்ப் பசையும் உள்ள, நுரைக்காத கிரீம் ஆகும். எண்ணெய் மினுக்கினால் நுரைக்கிற கிரீமே போதும். எரிந்தால் மென்தாலும் வாசனையும் இல்லாததைத் தேடுங்கள். அட்டையில் பொருள்களின் பட்டியல் இருக்கும். பொதுவாக அதிகமாகச் சேர்ந்தது முன்னால் நிற்கும். வாங்கிய புதுக் கிரீமை நேரே முகத்தில் அப்பிக்கொள்ளாதீர்கள். முழங்கையின் உட்புறத்தில் ஒரு காசளவு இடத்தில் தினம் பூசி, சவர நேரம் வைத்திருந்து கழுவுங்கள். ஒரு வாரம், பத்து நாள் சிவப்போ அரிப்போ இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோங்கள். முண்டும் சீழும் விடாமல் வந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள், விளம்பரத்திடம் போகாதீர்கள்.

"ஆண்பிள்ளைக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" என்று ஒருவர் கேட்பார். கேட்கிறவர் காளை மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு சந்தை அலைவார். அது விவேகம், தன் முகத்தைப் பார்த்துக்கொள்வது மட்டும் பெண்பிள்ளைத்தனமா? அந்தக் கூச்சத்தை நம்பித்தான் பாதிக் கிரீம் விற்கிறது. ஆராயக் கூச்சப்படுகிறவன் விளம்பரம் நீட்டியதை வாங்கிக்கொள்கிறான்.

கிரீம் செய்கிறவன் உங்கள் கன்னத்தைப் பார்த்ததில்லை. விளம்பரம் எழுதுகிறவனும் பார்த்ததில்லை. தினம் காலையில் கண்ணாடியில் பார்க்கிறவர் நீங்கள் ஒருவர்தான். அது சொல்கிற சாட்சியத்தை விட்டுவிட்டு, பணம் வாங்கிக்கொண்டு சிரிக்கிறவனின் சாட்சியத்தை ஏன் நம்ப வேண்டும்?