கோட்டையை வரையப் போய் நீரில் விழுந்தவர்

ரொமாண்டிக் காலம் என்றதும் நம் ஆங்கிலத் துறைகளில் வேர்ட்ஸ்வொர்த்தின் டின்டர்ன் மடாலயமும் டர்னரின் மூடுபனியும் நினைவுக்கு வருகின்றன. அதே காலத்தில், அதே நீர்வண்ணத்தைக் கொண்டு அந்த இயற்கை ரசனையையே எள்ளி நகையாடிய தாமஸ் ரோலண்ட்ஸனை நான் பயின்ற எந்தப் பாடத்திட்டத்திலும் சந்தித்ததில்லை. இது ஒரு விடுபடல் மட்டுமன்று; அக்காலத்தைப் பற்றிய நம் புரிதலின் குறை என்றே கருதுகிறேன்.

இயற்கையை ஓர் ஓவியம்போல் காணும் 'பிக்சரெஸ்க்' நோக்கைப் பரப்பியவர் வில்லியம் கில்பின். 1782இல் வெளிவந்த வை ஆற்றுப் பயண நூலில், டின்டர்ன் மடாலயத்தின் முக்கோண முகப்புச் சுவர்கள் ஒழுங்காக நின்று கண்ணை உறுத்துகின்றன, ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தினால் சரியாகிவிடும் என்கிறார். (மெய்யாகவே எழுதியிருக்கிறார்.)

இந்த நோக்குக்கு ரோலண்ட்ஸனின் மறுமொழி, 1812இல் ஆக்கர்மன் நூலாக வெளியிட்ட டாக்டர் சின்டாக்ஸின் பயணம். வறிய பாதிரியாரும் பள்ளி ஆசிரியருமான சின்டாக்ஸ், ஊர் சுற்றி, படம் வரைந்து, அதை நூலாக்கிப் பணம் பார்க்கலாம் என்று குதிரையேறிப் புறப்படுகிறார். பாழடைந்த கோட்டையை வரையப் போய் நீரில் விழுகிறார். காளை துரத்த மரமேறுகிறார். வெளியீட்டுக்காகவே மேற்கொள்ளும் பயணம்! ஆய்வாளர்களாகிய நாம் இங்கே சற்று நெளியத்தான் வேண்டும்.

இப்படங்களை 'நூல்விளக்கப் படங்கள்' என்று வகைப்படுத்துவது தலைகீழான செயல். முதலில் பிறந்தது படம். வில்லியம் கோம் மாதம் ஒரு படமாகப் பெற்று, அடுத்தது என்னவென்று அறியாமலே செய்யுள் இயற்றினார். விளக்கம் எழுதியவர் கவிஞர்தாம்.

கில்ரேயின் அரசியல் கேலியில் சினம் கொதிக்கும். ரோலண்ட்ஸனின் நாணற்பேனாக் கோடும் மென்மையான வண்ணப் பூச்சும் நிலக்காட்சி ஓவியர்களின் கருவிகளே. மலையும் ஏரியும் அவரிடம் அழகு குன்றுவதில்லை. கேலிக்குள்ளாவது அவற்றைப் பார்ப்பவரின் பாவனை. ஒரு ரசனையை அதன் மொழியிலேயே விமர்சிப்பது கட்டுரை எழுதுவதைவிடக் கடினம்.

ஆயினும் அவரை முழுதாக ஏற்க இயலவில்லை. சாமர்செட் மாளிகையின் செங்குத்தான படிக்கட்டில் ஓவியக் கண்காட்சிக்கு ஏறும் கூட்டம் சரிந்து விழும் படத்தில், ஆண்கள் கலையை மறந்து, ஆடை விலகிய பெண்களை உற்றுநோக்குகின்றனர். அந்தப் பார்வையைப் பரிகசிக்கும் படம் அதற்கே தீனியும் போடுகிறது. அக்காலத்து நகைச்சுவை அப்படித்தான் என்று கூறி வகுப்பறையில் அதைக் கடந்து செல்வது எனக்கு உடன்பாடில்லை.