ஐப்பசியில் செய்ய வேண்டிய காரியம்

ஆனி தொடங்கிப் புரட்டாசி வரையில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகின்ற மும்பையில் காடு பற்றி எரிகிறது என்று சொன்னால், மாதுங்காவிலும் செம்பூரிலும் வசிக்கும் நம்மவரிற் பலர், அது கலிபோர்னியாவில் நடக்கிற சங்கதியல்லவா என்று கேட்கக்கூடும். அந்த மழைதான் தீக்கு வேண்டிய இரையைச் சேகரித்துக் கொடுக்கிறது. நான்கு மாதத்தில் இடுப்பளவு வளர்ந்துவிடுகிற புல், பிறகு துளி நீரும் காணாமல் காய்ந்து, மார்கழிக்குள் ஒரு பீடித் துண்டுக்குக் காத்திருக்கும் நிலையை அடைந்துவிடுகிறது.

2018 டிசம்பர் 3 மாலை, கோரேகாவ் கிழக்கில் ஆரே காலனியை அடுத்த குன்றில் மூண்ட நெருப்பு இரவெல்லாம் எரிந்தது. தீயணைப்பு வண்டிகள் மேலே ஏறப் பாதை இல்லை. அதே ஆண்டு மார்ச்சில், தேனி மாவட்டத்துக் குரங்கணியில், மலையேறச் சென்றவர்களைத் தீ வளைத்துக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டிருந்தது.

இவற்றை இயற்கையின் சீற்றம் என்று வர்ணிப்பதை நான் ஒப்புவதில்லை. இடியும் மின்னலும் அபூர்வமான மாதங்களில், மனிதக் கை படாமல் புல் எப்படித் தீப்பற்றும்? ஆரேத் தீ, நிலத்தின்மீது கண்வைத்தவர்களின் வேலை என்று அப்போது எழுந்த ஐயத்தை நிரூபணமான உண்மையாக நான் கொள்ளவில்லை. ஆயினும், காட்டோரத்து மண்ணுக்கும் பொன்விலை பேசப்படுகிற இந்த ஊரில் அது எழாதிருந்தால்தான் வியப்பு. ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது 1927-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம். குற்றவாளியைக் கண்டுபிடிப்பதோ வேறு விஷயம்.

ஆகவே பரிகாரத்தை முன்கூட்டியே தேட வேண்டும். மராத்தியில் ஜாள்ரேஷா என்பார்கள்: புல் முற்றக் காயுமுன் சில மீட்டர் அகலத்துக்கு அறுத்து, சருகையும் கூட்டி, காவலுடன் எரித்துவிட்டால், பின்னால் ஓடிவருகிற தீ அந்த வெற்றுத்தரையில் இரையின்றி நின்றுபோகும். எங்கே தீ என்று டேராடூனிலிருந்து செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வருகிறது. வந்தென்ன, பச்சைக்கிளையை ஒடித்துக்கொண்டு மேட்டில் ஏறி அடித்தணைக்க ஆள் வேண்டுமே! ஆரேயிலும் அதையடுத்த தேசியப் பூங்காவிலும் உள்ள வார்லிப் பழங்குடியினரின் பாடாக்களில், அதாவது சிற்றூர்களில், ஒவ்வொரு ஓடையையும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கோடை முடியும்வரை கூலி கொடுத்து அமர்த்துவதற்குச் சர்க்காருக்கு என்ன தடை?

செம்பூர்வாசிகளுக்கு இதில் அக்கறையில்லை என்று சொல்ல இயலாது. 2016 ஜனவரியில் தேவ்னார் குப்பைமேடு எரிந்து, மாநகராட்சிப் பள்ளிகளை மூடும்படி புகை சூழ்ந்ததை அவர்கள் சுவாசித்தே அறிவார்கள். ஜாள்ரேஷா போட்டாயிற்றா என்று வனத்துறையைக் கேட்டு மனு எழுதுவதானால், ஐப்பசியிலேயே எழுதலாம்.