முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள்

சிராங்கூன் சாலை சிக்னலில் நிற்கும் பழைய மோட்டார்சைக்கிள் விக்கி விக்கி உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். உடனே கார்புரேட்டரைப் பிரிப்பது அவசரம் என்பேன். எஞ்சின் ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாலே பாதி விடை கிடைக்கும். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. பிளக் நுனியில் உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். ரப்பர் இணைப்பில் விரிசல் தேடலாம். இளம்பழுப்பு என்றால் கலவை சரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. (ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் சொல்வதும் இதுதானே!)

2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களுக்கு 2028 ஜூன் 30க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் இடமில்லை. மாமாவிடம் அப்படியொரு வண்டி இருந்தால், அடுத்தமுறை அவர் பிளக் கழற்றும்போது பக்கத்தில் உட்காருங்கள்.