யூசர் நேம் விதியை வணிகர்தான் சொல்ல வேண்டும்



மொத்த வியாபாரிகள் பலர் இன்று தங்களுக்கென்று இணையதளம் அமைத்து, சில்லறைக் கடைக்காரர்களிடம் அதன் வழியாகவே ஆர்டர் வாங்குகிறார்கள். உறுப்பினர் பதிவு, சந்தா ஆகியவற்றை இணையதளத்துக்கு மாற்றிய சங்கங்களும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் முதல் படி 'யூசர் நேம்' என்னும் பயனர் பெயர். அந்தப் பெயரின் கீழ்தான் ஆர்டர் பதிவாகிறது, கடன் பாக்கி ஏறுகிறது, கட்டிய பணம் வரவாகிறது. பேரேட்டில் நமக்கென்று ஒதுக்கிய பக்கம் என்றே அதைக் கொள்ளலாம். அந்தப் பக்கத்தின் தலைப்பில் எந்தப் பெயரை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்ற விதியைப் பெரும்பாலும் நாமும் கேட்பதில்லை, புரோகிராமரும் சொல்வதில்லை. தளத்துக்குப் பணம் கொடுக்கும் வணிகர்தான் அந்த விதியைச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

விதி எங்கிருந்து வருகிறது?

புரோகிராமர்கள் பெரும்பாலும் இணையதளத்தை அடியிலிருந்து எழுதுவதில்லை. ஷெல்ப், கல்லாப்பெட்டி எல்லாம் பொருத்திய கடையை வாடகைக்கு எடுப்பது போல, 'பிரேம்வொர்க்' என்னும் தயார் அமைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அதன்மேல் வேலை செய்கிறார்கள். அப்படிப்பட்டவற்றில் ஒன்று 'ஜாங்கோ'. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005-ல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. உலகெங்கும் பயன்படுகிறது, நல்ல சரக்குதான்.

அதில் யூசர் நேமுக்கு ஒரு விதி முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் 150 எழுத்துக்கு மிகக் கூடாது. 2016-க்கு முன் இந்த வரம்பு 30 எழுத்தாக இருந்தது. பெயரில் எழுத்துகளும் எண்களும் வரலாம். குறிகளில் அட், புள்ளி, கூட்டல், சிறுகோடு, அடிக்கோடு ஆகிய ஐந்துக்கு மட்டுமே அனுமதி. இடைவெளி விட முடியாது. 'அண்ட் சன்ஸ்', 'அண்ட் கோ' என்று போர்டில் எழுதும்போது நாம் போடும் அண்ட் குறிக்கும் இடமில்லை. புரோகிராமர் தொடாமல் விட்டால் இதுதான் நம் தளத்தின் சட்டம்.

முருகனுக்குத் தடை, சரவணவுக்கு அனுமதி

உலக மொழிகளின் எழுத்துகளை எல்லாம் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் இந்த விதி, தமிழிடம் வந்ததும் தடுமாறுகிறது. 'சரவண' என்று அடித்தால் ஏற்கும். 'சரவணன்' என்று முழுப் பெயரையும் அடித்தால் மறுக்கும். 'முருகன்', 'சண்முகம்', 'மீனாட்சி' எதுவுமே நுழையாது.

காரணம் எளிது. கம்ப்யூட்டர் எழுத்து அட்டவணையான யூனிகோடில் 'மு' என்பது ஒரே எழுத்தாக இல்லை. 'ம' ஒன்று, அதன் உகரக் குறி ஒன்று என இரண்டாகப் பதிவாகிறது. 'ன்' என்பதும் 'ன', மேலே புள்ளி என இரண்டு. ஜாங்கோ எழுதப்பட்ட பைத்தான் மொழி, பெயரைச் சோதிக்கும்போது முழு எழுத்தையும் எண்ணையும்தான் எழுத்து என்று கணக்கில் எடுக்கிறது. கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றை எடுப்பதில்லை. ஆங்கிலத்துக்கு இவை தேவையில்லை. நமக்கு இவை இல்லாமல் பெயரே இல்லை.

எழுத்து வரம்பிலும் இதே கதைதான். 'முருகன்' கண்ணுக்கு 4 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 7. 'ஸ்ரீமுருகன்ஸ்டோர்ஸ்' என்று சேர்த்து எழுதினால் கம்ப்யூட்டர் கணக்கில் 19. அதிகபட்சம் 15 எழுத்து என்று யாராவது வைத்துவிட்டால், கடைக்காரர் எங்கே தவறு என்று தெரியாமலே திண்டாடுவார்.

ஆங்கிலம் போதாதா?

"ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் தொல்லை இல்லையே" என்பார்கள். சண்முகம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்கு, தடுக்க ஏற்பாடு செய்யாவிட்டால், பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கும் அதே பெயரும் இரண்டு தனிக் கணக்குகள் ஆகிவிடலாம். ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் கணக்கில் வரவானால், தீபாவளிச் சரக்கு எடுக்கும் நேரத்தில் வழக்குத்தான் மிஞ்சும்.

"செல்போன் எண்ணையே பெயராக வைக்கலாமே" என்பது இன்னொரு யோசனை. வசதிதான். ஆனால் எண் மாறுகிறது. கைவிட்ட எண் பின்னால் வேறொருவருக்குப் போகிறது. அப்பா பெயரில் நடந்த கடை மகன் கைக்கு வரும்போது எண்ணும் மாறலாம். கடையின் பெயர் அப்படி மாறுவதில்லை.

கதவைத் திறந்தால் பூட்டும் வேண்டும்

தமிழை அனுமதித்தால் மோசடிக்கு வழி பிறக்காதா என்று கேட்பவர்களின் அச்சத்தில் நியாயம் உண்டு. தமிழ் எண்ணில் ஒன்றும் 'க' எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. இரண்டும் 'உ' எழுத்தும் அப்படியே. நாட்டு மருந்துக் கடைக்காரர் 'ஔஷதம்' என்று வைத்த பெயருக்குப் பக்கத்தில், 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து 'ஒளஷதம்' என்று இன்னொருவர் பதிவு செய்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே தமிழைத் திறந்துவிடுவதோடு நில்லாமல், அதற்கேற்ற கட்டுப்பாட்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எழுதி வாங்க வேண்டியவை

1. தமிழ்ப் பெயர்கள் புள்ளி, கால், கொம்புடன் முழுமையாக ஏற்கப்பட வேண்டும்.

2. தமிழ் எண்களைப் பெயரில் அனுமதிக்கக் கூடாது. ஒரே பெயரில் தமிழும் ஆங்கிலமும் கலக்கக் கூடாது.

3. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் மட்டும் இரண்டு கணக்குகள் உருவாகக் கூடாது. 'ஔ', 'ஒள' போன்ற மயக்கங்களுக்கும் இது பொருந்தும்.

4. ஒரு பெயரை மறுத்தால், எந்த எழுத்தால் மறுக்கப்பட்டது என்பதைத் தமிழில் சொல்ல வேண்டும்.

5. யூசர் நேம் எதுவாக இருந்தாலும், பில்லில் கடையின் பெயர் போர்டில் உள்ளபடியே அச்சாக வேண்டும்.

இவற்றில் எதுவும் செய்ய முடியாதது அல்ல. தன் விதிக்குப் பதிலாக நம் விதியை வைத்துக்கொள்ள ஜாங்கோவே வழி வைத்திருக்கிறது. புதிய தளம் தொடங்கும்போதே பயனர் அமைப்பை நமக்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம், நடுவில் மாற்றுவது கடினம் என்று அதன் கையேடும் சொல்கிறது. ஆயிரம் பேர் பதிவு செய்த பிறகு விதியை மாற்றினால், பழைய பெயர்களை என்ன செய்வது என்ற சிக்கல் முளைக்கும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே விவேகம்.

தராசும் எடைக்கல்லும் முத்திரை இல்லாமல் கடைக்குள் வர நாம் அனுமதிப்பதில்லை. இணையதளத்துக்கும் அந்தச் சோதனை தேவை. கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன், உங்களிடம் சரக்கு எடுக்கும் பத்துக் கடைகளின் பெயரைத் தமிழில் எழுதி, புரோகிராமர் முன்னிலையிலேயே ஒவ்வொன்றாகப் பதிவு செய்து பாருங்கள். பத்தும் நுழைந்தால் பணம் கொடுங்கள். ஒன்று மறுக்கப்பட்டாலும் வேலை முடியவில்லை என்றே பொருள்.

புதிய தளம் அமைக்க எண்ணியுள்ள சங்கங்கள் அடுத்த செயற்குழுவிலேயே இந்த ஐந்து அம்சங்களைத் தீர்மானமாக நிறைவேற்றி, ஒப்பந்தத்தில் சேர்க்க ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.