அம்மாவுக்கு 5 வெள்ளி, மகளுக்கு 65 வெள்ளி

"ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், "அப்பாடா, நல்லதாய்ப் போயிற்று" என்று பதில் சொல்வது நம் தோட்டப்புறங்களில் வழக்கம். நோய் தீர்ந்தது, இனி வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துத் தேறவேண்டியதுதான் என்பது அதன் பொருள். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அந்தப் பதில் சரி. பாரிசவாதத்தில் விழுந்த ஒரு தாயை வீட்டுக்கு அழைத்து வரும் குடும்பத்துக்கோ, உண்மையான வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அந்த வேலையை யார் செய்வது, அதற்கான கூலி யார் வீட்டிலிருந்து போகிறது என்பதைப் பற்றியே இன்று நாம் எழுத விரும்புகிறோம்.

கிள்ளான் வட்டாரத்தில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இதே கதை உங்கள் லயத்திலும் நடந்திருக்கும். தாய்க்கு வயது 56. முப்பது ஆண்டு பால் வெட்டியவர். ஒரு நாள் காலையில், பாதி நிரை வெட்டி முடிந்த நேரத்தில், கையிலிருந்த உளி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடியும் விழுந்தது. பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த அம்மாள் வந்து பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சுக் குழறியது. நல்ல வேளையாக மண்டோர் விஷயம் தெரிந்தவர். எண்ணெய் தேய்க்கவும் இல்லை, மகன் வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ரத்தக் கட்டி அடைத்ததால் வந்த வாதமானால், கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதன் பிறகு போனால் அந்த ஊசிக்கு வழியில்லை. முகம் கோணினாலும், ஒரு கை தூக்க வராவிட்டாலும், பேச்சுக் குழறினாலும் 999-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். படுத்துத் தூங்கினால் சரியாகிவிடும் என்று சொல்லும் உறவினர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவர் சொல்லை அன்று ஒரு நாள் மட்டும் தட்டலாம். நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் இந்த நோய்க்கு வாசல் திறந்து வைப்பவை. 2019-ம் ஆண்டு சுகாதாரக் கணக்கெடுப்பில் இந்நாட்டுப் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. அதில் மற்ற இனத்தாரை விட நம்மவரே அதிகம் என்பதை வெட்கப்படாமல் ஒப்புக்கொள்வோம்.

அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. சில வாரங்கள் வார்டில் இருந்தார். மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வீடு. வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்து வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு நாளில் என்ன நடக்கிறது? மூளையின் ஒரு பகுதி செத்துப்போனாலும், மற்றப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும் என்கிறார்கள் வைத்தியர்கள். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்பாடு படிப்பதைப்போல, ஒரே அசைவை நூறு தடவை, இருநூறு தடவை செய்தால்தான் மூளை அதைப் படிக்கும். முதல் மூன்று மாதத்தில்தான் இது வேகமாக நடக்கிறது. பிறகும் நடக்கும், ஆனால் மெதுவாக. ஆகவே இந்தச் சிகிச்சையில் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சிகிச்சையாளர் வாரத்தில் இரண்டு தடவை, கொஞ்ச நேரம் சொல்லிக் கொடுக்கிறார். மற்ற நேரமெல்லாம் வீடுதான் ஆஸ்பத்திரி. சட்டைப் பொத்தான் போடுவது, சீப்பைப் பிடிப்பது, முருங்கைக் கீரை உருவுவது, குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது எல்லாம் சிகிச்சைதான். படுத்தே கிடப்பவரானால் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், இல்லையேல் முதுகு புண்ணாகும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். விழுங்கும் சக்தி குறைந்திருந்தால், தண்ணீர்கூட ஆஸ்பத்திரியில் சொன்ன பக்குவத்தில்தான் கொடுக்கவேண்டும். பார்க்க வருகிறவர்கள் அன்பு மிகுதியால் மைலோ கலக்கி ஊட்டிவிட்டுப் போக, அது நுரையீரலில் இறங்கி மறுபடி வார்டுக்குப் போன தாய்மார்கள் உண்டு. அன்பைக் காட்ட விரும்புகிறவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரியைத் தூங்கவிடலாம்.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்தத் தாய்க்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகள் அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறார். மகன் கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். இளைய மகள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். அங்கேயே சிறு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அம்மாவை யார் பார்ப்பது என்று வீட்டில் கூடிப் பேசியபோது, யாரும் வாய் திறந்து சொல்லாமலே எல்லாருடைய கண்ணும் மூத்த மகள் பக்கம் திரும்பியது. அவர் பெண், அவர் பக்கத்தில் இருக்கிறார், அவர் வேலை "கூலி வேலைதானே". இந்த மூன்றாவது காரணத்தை நாம் ஒத்துக்கொள்ளவே முடியாது. சொன்னவர் வெளியார் என்றால் சண்டைக்குப் போயிருப்போம். நம் வீட்டு ஆண்பிள்ளைகளே சொல்லும்போது எங்கே போவது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராணிமார் சரிபார்க்கட்டும். 1-2-2025 முதல் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்கு நாட்கூலி 65 வெள்ளி 38 காசு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க நம் நாட்டுப் பிரஜைக்கு 5 வெள்ளி. அம்மாவின் பெயரில் 5 வெள்ளி கட்டிய அதே நாளில், கூட வந்த மகளின் பெயரில் 65 வெள்ளி 38 காசு போய்விடுகிறது. வாரம் இரண்டு நாள், 13 வாரம், மொத்தம் 26 நாள். பெருக்கினால் 1,699 வெள்ளி 88 காசு. ஒரு மாதச் சம்பளம் முழுவதும்! வண்டிக் கூலியை இன்னும் நாம் சேர்க்கவில்லை.

அந்த வண்டிப் பயணம் எப்படிப்பட்டது? சுகாதார அமைச்சின் முதல் புனர்வாழ்வு ஆஸ்பத்திரி 2012 முதல் செராஸில் நடந்து வருகிறது. அங்கே அனுப்பப்பட்டால், கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, சிரம்பான் பக்கம் போகும் ரயிலுக்கு மாறி, பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்கி, மறுபடி எல்.ஆர்.டி. ஏறவேண்டும். நல்ல காலுள்ளவனுக்கே இது ஒரு காலை நேரம். சக்கர நாற்காலித் தாயோடு போய்ப் பாருங்கள். இந்தக் குடும்பம் ஓர் உபாயம் கண்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் இளைய மகள் இருக்கும் அறை கே.எல். சென்ட்ரலுக்குப் பக்கம் என்பதால், முதல் நாள் மாலையே அம்மாவை அங்கே கொண்டு வந்து தங்க வைத்தார்கள். ஓரறையில் மூன்று பேர். வீட்டுக்காரர் முணுமுணுத்ததாகக் கேள்வி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பால்மரம் விடியற்குளிரில்தான் நன்றாகப் பால் விடும். ஆகவே வெட்டுக்காரியின் வேலை விடியுமுன் தொடங்கி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பதோடு மத்தியானத்தில் முடிந்துவிடும். சிகிச்சைக்குக் கொடுக்கும் நேரமோ பெரும்பாலும் காலை. பிற்பகல் நேரம் கொடுங்கள் என்று கேட்டால் கொடுக்கக்கூடும்; கேட்கலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. கேளுங்கள். தோட்டத்தில் பால் வெட்டுகிறேன் என்று காரணத்தையும் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955-ம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், நோயாளியான தொழிலாளிக்குச் சர்வீஸைப் பொறுத்து 14, 18, 22 நாள் சம்பளத்தோடு நோய் லீவு கொடுக்கிறது; ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள். மனைவி பிரசவித்தால் கணவனுக்கு 7 நாள், அதுவும் 1-1-2023 முதல்தான். பெற்ற தாயைச் சிகிச்சைக்கு அழைத்துப் போக ஒரு நாள் லீவுகூட அந்தச் சட்டத்தில் இல்லை. ஆண்டு லீவை எடுத்துக்கொள் என்பார்கள். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சர்வீஸுக்கு 8 நாள், ஐந்து ஆண்டு வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். நாம் போட்ட கணக்கோ 26 நாள். தீபாவளிக்கு ஒரு நாள்கூட வைக்காமல் அத்தனையையும் கொடுத்தாலும் 10 நாள் துண்டு விழுகிறது. சொல்லாமல் நின்றாலோ, தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் காரணமின்றி வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவர் என்று கொள்ள அதே சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே தாயின் சிகிச்சைத் தேதிச் சீட்டை முன்கூட்டியே ஆபீசில் காட்டி, எழுத்து மூலம் தெரிவியுங்கள். 2023-ல் வந்த திருத்தத்தில் வேலை நேரத்தையும் நாளையும் மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. நிர்வாகம் 60 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும், மறுத்தால் காரணம் காட்டவேண்டும். மூன்று மாதச் சிகிச்சையில் 60 நாள் காத்திருந்து பதில் வாங்கி என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் எழுதிக் கொடுங்கள்.

எல்லாருக்கும் லீவு கொடுத்தால் தோட்டம் என்ன ஆகும் என்று நிர்வாகத்தார் சொல்லக்கூடும். பிரசவ லீவுக்கும் இதையேதான் சொன்னார்கள். 60 நாளாக இருந்த அந்த லீவு 98 நாளாகிவிட்டது, தோட்டங்கள் நடக்கின்றன. ஜப்பானில் குடும்பத்தாரைப் பராமரிக்க ஒருவருக்காக 93 நாள் வரை லீவு உண்டு. அதன்போது சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் காப்புறுதியிலிருந்து உதவித்தொகை கிடைக்கிறது. நம் துரைமாரின் சொந்த நாடான பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு ஒரு வாரம், சம்பளமில்லாமல். ஒரு வாரம் என்பது கொஞ்சந்தான். நம்மிடம் அதுவும் இல்லை.

இருக்கும் உதவிகளையாவது முழுதும் வாங்குகிறோமா? அதுவும் இல்லை. அந்தத் தாய் பால் வெட்டியவர், சொக்சோ சந்தா கட்டியவர். வேலையிடத்து விபத்துக்கு மட்டுமே சொக்சோ என்று குடும்பத்தார் எண்ணியிருந்தார்கள். அந்த 1969-ம் ஆண்டுச் சட்டத்தில் இயலாமைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. எங்கே, எந்த நேரத்தில் நோய் வந்தாலும் பொருந்தும். 60 வயதுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். முந்திய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருந்தால் முழுத் தகுதி. அவருக்கு வயது 56 என்பதை மறந்துவிடாதீர்கள். நான்கு ஆண்டு தாமதித்திருந்தால் கதவு மூடியிருக்கும். பிள்ளைகள் தங்கள் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து, 2024 மே முதல் 'செஜாத்ரா' என்று பெயர் மாறிய அந்தக் கணக்கிலிருந்து, தாயின் கடும் நோய்க்கான செலவுக்கும் பணம் எடுக்கலாம். படுத்த படுக்கையானவரைப் பார்க்கும் ஏழைக் குடும்பங்களுக்குச் சமூக நல இலாகா கொடுக்கும் மாத உதவி 2021-ல் 350-லிருந்து 500 வெள்ளியாக உயர்ந்தது. பெட்டாலிங் ஜெயாவில், பாரிசவாதத்திலிருந்து மீண்டவரான ஜேனட் யோ அம்மையார் 1996-ல் தொடங்கிய 'நாசாம்' சங்கம் இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. இவற்றுக்கெல்லாம் பாரங்கள் உண்டு, மலாயில். விரல் ரேகை வைத்துப் பழகிய தகப்பனாரிடம் அதைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் நடக்குமா? இதைச் செய்யவேண்டியவர்கள் ஆபீசில் இருக்கும் கிராணிமார். செக்ரோலில் ஒரு பெயர் தொடர்ந்து விழாமல் இருப்பது முதலில் அவர்கள் கண்ணில்தான் படுகிறது. ஆள் வரவில்லை என்று குறி போடும்போதே ஏன் வரவில்லை என்றும் கேட்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தக் குடும்பத்தில் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். மூன்றாவது வாரம் மூத்த மகள் சம்பளச் சீட்டைக் கொண்டு வந்து தம்பியின் முன்னால் வைத்தாராம். ஒன்றும் பேசவில்லை. இப்போது செவ்வாய்க்கிழமை லாரிக்காரர் லாரியை விடுகிறார். வெள்ளிக்கிழமை இளையவர் கடையில் அரைநாள் வாங்குகிறார். அம்மாவைக் குளிப்பாட்டுவது மட்டும் இன்னும் மூத்தவரிடந்தான். தலை வாரிவிட மகன் பழகிக்கொண்டார். வகிடு கோணலாக வருகிறது என்று தாய் சிரிக்கிறார். வலது கையில் கரண்டி நிற்கிறது. உளி நிற்குமா என்று அவரே கேட்டாராம். சிகிச்சையாளர் பதில் சொல்லாமல் இன்னொரு இருபது தடவை செய்யச் சொன்னார்.

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குக் கோரிக்கைகள் தயாராகும்போது, பெற்றோரின் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லச் சம்பளத்தோடு லீவு என்பதையும் ஒரு விதியாகச் சேர்க்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். ஆண்டுக்கு 10 நாள், நாம் மேலே கண்ட அந்தத் துண்டு விழும் 10 நாள், ஆரம்பத்துக்குப் போதும். மகனும் எடுக்கலாம், மகளும் எடுக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதவேண்டும். கிளைகள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டு வரட்டும். வரும்போது, உங்கள் தோட்டத்தில் எத்தனை வீட்டில் இப்படி ஒருவர் படுத்திருக்கிறார், அவரைப் பார்க்க யார் வேலையை விட்டார் என்பதையும் எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள்.