நாலே காலா, மூணே முக்காலா?

லண்டன்ல எம்.எஸ். படிக்கிற தம்பி ஒருத்தர் மெயில் அனுப்பியிருக்கார். பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசுல ஒரு மோரிஸ் மைனர் வாங்கிட்டாராம். 1966 மாடல், 1098 சிசி. (நம்ம பசங்க ஐபோன் வாங்குவாங்க. இவர் ரூட்டே தனி!) ஊருக்குள்ள வண்டி பூனைக்குட்டி மாதிரி ஓடுது. மோட்டார்வேல 100 கிலோமீட்டர் வேகத்துல போனா மட்டும் இன்ஜின் கத்துற கத்துல பக்கத்து சீட் ஆள் பேசுறது கேட்கலையாம். "பின் ஆக்ஸில்ல 3.7 ரேஷியோ போட்டா சரியாகிடும்னு எல்லாரும் சொல்றாங்க. போடட்டுமா?"

அவசரப்படாதீங்க பாஸ். முதல்ல அந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு பார்ப்போம்.

கியர்பாக்ஸ்லருந்து பின்னாடி போற நீளமான தண்டு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட், முடியுற இடத்துல ஒரு சின்ன பல்சக்கரம் இருக்கும். அது பினியன். அது சுத்துற பெரிய வட்டம் கிரவுன். தம்பியோட மைனர்ல பினியனுக்கு 9 பல், கிரவுனுக்கு 38 பல். முப்பத்தெட்டை ஒன்பதால வகுங்க... 4.22. தண்டு நாலே கால் சுத்து சுத்தினாதான் சக்கரம் ஒரு சுத்து. மைனர்ல டாப் கியர்னா இன்ஜினும் தண்டும் ஒரே வேகம். அதனால இந்த 4.22தான் ஹைவேல உங்க தலையெழுத்து.

கணக்கு சிம்பிள். மைனர் டயர் ஒரு சுத்துக்கு சுமார் 1.85 மீட்டர் போகும். 100 கிலோமீட்டர் வேகத்துல நிமிஷத்துக்கு 900 சுத்து. அதை 4.22ஆல பெருக்கினா 3,800 ஆர்.பி.எம். ஒரு மணி நேரம் விடாம அந்த வேகத்துல அந்தச் சின்ன இன்ஜின் ஓடினா கத்தத்தான் செய்யும்.

டிசைன் பண்ணவங்களுக்கு அறிவு இல்லையான்னு கேட்காதீங்க. அலெக் இஸிகோனிஸ் வடிவமைச்ச மைனர் வெளிவந்தது 1948ல. பிரிட்டன்ல எம்1 மோட்டார்வே திறந்ததே 1959 நவம்பர்லதான். வளைவு, மேடு, மாட்டு வண்டி வேகத்துல போற டிராக்டர்... இந்த மாதிரி ரோட்டுக்குப் போட்ட ரேஷியோ அது. 1952ல வந்த 803 சிசி இன்ஜினுக்கு வெறும் 30 குதிரை சக்தி. அதை மேட்டுல ஏத்துறதுக்காக ஒரு கட்டத்துல 5.375 வரைக்கும் போனாங்க. அதுல 100 தொட்டா 4,800 ஆர்.பி.எம். தாண்டிடும், பாவம்! 1956ல 948 சிசி வந்தப்போ 4.55 ஆக்கினாங்க. 1962ல 1098 சிசி, 48 குதிரை சக்தி வந்ததும் 4.22. கவனிச்சீங்களா? இன்ஜினுக்கு பலம் கூடக் கூடத்தான் நம்பரைக் குறைச்சிருக்காங்க. நம்பரைக் குறைச்சுட்டு பலம் தானா வரும்னு யாரும் காத்திருக்கலை.

தம்பி கோட்டை விடப்போறது இந்த இடத்துலதான்.

3.7 போட்டா 100 கிலோமீட்டர் வேகத்துல சுமார் 3,350 ஆர்.பி.எம். கேட்கவே சுகமா இருக்கு. ஆனா அந்த இன்ஜின் 48 குதிரையையும் காட்டுறது 5,100 ஆர்.பி.எம்.ல. சுத்து குறைஞ்சா கையில இருக்குற பலமும் குறையும். காத்து எதிர்த்துத் தள்ளுறது மட்டும் குறையாது. கியர் சைக்கிள்ல சின்னப் பல்லுல போட்டு ஏத்தத்துல மிதிச்சுப் பாருங்க, கால் சொல்லும்.

சமதளத்துல ஓகே. லங்காஷயர் - யார்க்ஷயர் நடுவுல எம்62 மோட்டார்வே 372 மீட்டர் உயரம் வரை ஏறும். நாலு பேர், பெட்டி படுக்கையோட அங்கே போனா வண்டி மூச்சு வாங்கும். வேகம் எண்பதுக்கு இறங்கும். வேற வழியில்லாம தேர்டு போடுவீங்க. தேர்டு கியரோட ரேஷியோ 1.41. பெருக்கிப் பார்த்தா 80 கிலோமீட்டர் வேகத்துல சுமார் 3,800 ஆர்.பி.எம். அட, 100ல போறப்ப காதைக் கிழிச்ச அதே 3,800! இப்போ லாரிக்குப் பின்னாடி, எண்பதுலயே. பழைய 4.22ல டாப்லயே ஏறியிருந்தா அதே 80க்கு 3,000 சொச்சம்தான்.

ஃபர்ஸ்ட் கியரும் நீளமாகிடும். மேட்டுல சிக்னல்ல நின்னு கிளம்பும்போது கிளட்ச்சைத் தேய்ச்சுத் தேய்ச்சு நகர்த்தணும்.

அதனால, இன்ஜினை ட்யூன் பண்ணாம ஒரிஜினலா வச்சிருக்கீங்கன்னா என் ஓட்டு 3.9க்கு. 100ல சுமார் 3,500. பெரிய அதிசயம் எதுவும் நடக்காது, ஆனா காது வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சிடும், வண்டியும் டாப் கியரை விட்டு அடிக்கடி இறங்காது. எம்ஜி மிட்ஜெட்டோட பிற்கால 1275 சிசி மாடல்ல வந்த டிஃபரென்ஷியல் இதுதான், மைனர் ஆக்ஸிலுக்குள்ளயே உட்காரும். கடைசிக் கால 1500 மிட்ஜெட்ல வந்த 3.7, மைனர்ல 1275 இன்ஜின் மாத்தினவங்களுக்கு நல்லா பொருந்தும். வாங்கும்போது முழு செட்டா வாங்குங்க. கிரவுனும் பினியனும் ஜோடியா பழகினது. ஒண்ணை மட்டும் வேற இடத்துலருந்து எடுத்துப் போட்டா ஊளை சத்தம்தான். அதுக்கு இன்ஜின் சத்தமே தேவலை.

காசு கொஞ்சம் சேர்ற வரை பொறுக்க முடிஞ்சா இன்னொரு வழி இருக்கு. ஃபோர்டு சியாரா காரோட அஞ்சு கியர் பாக்ஸ். மைனர்காரங்க நிறைய பேர் மாத்துறாங்க. அஞ்சாவது கியர் 0.82. பின் ஆக்ஸில் 4.22ஆவே இருக்கட்டும், அஞ்சாவதுல அது 3.46 மாதிரி வேலை செய்யும். 100ல சுமார் 3,100. மேடு வந்தா நாலாவதுக்கு இறங்குங்க, அது உங்க பழைய டாப். ஃபர்ஸ்ட் கியரும் கெடாது. செலவு அதிகம், பெல் ஹவுசிங்லருந்து தண்டோட நீளம் வரை வேலையும் அதிகம். ஸ்டூடன்ட் பட்ஜெட்டுக்கு இப்போதைக்கு ஆகாது.

இலங்கைல மைனர் வச்சிருக்கிற நண்பர்களுக்கும் இதே கணக்குதான். கொட்டாவை - காலி எக்ஸ்பிரஸ்வே 2011ல திறந்ததுலருந்து 100ல போற ஆசை அங்கேயும் வந்தாச்சு. நம்ம ஊர்ல 'பேபி ஹிந்துஸ்தான்'னு 1950கள்ல வித்ததும் மைனர்தான். ஆனா அது சின்ன இன்ஜின். அதுக்கு 3.9 போட ஆசைப்படாதீங்க, தாங்காது.

முக்கியமான ஒண்ணு: ரேஷியோ மாத்தினா ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும். அதுக்குக் கணக்கு தண்டுப் பக்கத்துலருந்துதான் போகுது. 3.9 மாத்திட்டு முள் 60 மைல் காட்டினா நிஜத்துல 65. 3.7னா 68. அங்கே லிமிட் 70 மைல். முள்ளை நம்பி மிதிச்சா வீட்டுக்கு அபராத நோட்டீஸ் வரும். மீட்டரையும் சேர்த்து மாத்தி அமைச்சுடுங்க.

காசு கொடுக்குறதுக்கு முன்னாடி இப்போ உள்ளே இருக்கிறது என்ன ரேஷியோன்னு எண்ணிப் பாருங்க. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைங்க. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஆக்ஸில் ஸ்டாண்டுல நிறுத்துங்க (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில போகாதீங்க, ப்ளீஸ்). நியூட்ரல், ஹேண்ட் பிரேக் ரிலீஸ். டயர்லயும் தண்டுலயும் சாக்பீஸ்ல ஒரு கோடு. தூக்கின சக்கரத்தை சரியா ரெண்டு சுத்து சுத்தணும், ஒண்ணு இல்லை. இன்னொரு சக்கரம் தரையில நிக்கிறதால டிஃபரென்ஷியல் பாதியைத்தான் கணக்குல எடுக்கும். தண்டு நாலே கால் சுத்தினா 4.22. நாலரை தாண்டினா 4.55. நாலுக்குக் கொஞ்சம் குறைவா நின்னா, பழைய ஓனர் 3.9 மாத்திட்டுத்தான் வித்திருக்கார். அப்புறம் சத்தத்தை சைலன்சர்லயும், கதவு ரப்பர்லயும், கார்பெட்டுக்கு அடியிலயும் தேடுங்க தம்பி.